40 குதிரைவலு எஞ்சினும் எழும்ப மறுக்கும் ஸ்கீக்காரரும்

கேள்வி இதுதான்: ஒன்ராறியோவில் கொட்டேஜ் ஏரியொன்றில் 16 அடி அலுமினிய மீன்பிடிப் படகு, பின்னால் 40 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (பின்பலகையில் மாட்டும் எஞ்சின்). பிள்ளைகளைக் காற்றடித்த டியூபில் இழுப்பதில் குறை இல்லை. 85 கிலோ மைத்துனரை இரட்டைத் தண்ணீர் ஸ்கீயில் (காலில் மாட்டும் சறுக்குப் பலகைகள்) இழுத்தால் மட்டும் ஆள் எழும்பவே இல்லை. பத்து விநாடி தண்ணீரைக் குடித்துவிட்டுக் கைப்பிடியை விட்டுவிடுகிறார். பெரிய எஞ்சின்தான் வழியா?

இப்போதைக்கு வேண்டாம். 85 கிலோ ஆளை இரட்டை ஸ்கீயில் எழுப்ப 40 குதிரைவலு போதும். ஆனால் அளவாகத்தான் போதும், வீணாக்க மிச்சம் இருக்காது. 200, 300 குதிரைவலு ஸ்கீ படகில் பிழையான புரொப்பெல்லரையும், கூடிய பாரத்தையும், காலை முந்தி நீட்டிவிடும் ஆளையும் எஞ்சின் சமாளித்துக் கொண்டுபோய்விடும். 40 இல் அந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் வெளியே தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறைந்தது மூன்று பிழைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலில் சக்தி எங்கே செலவாகிறது என்று பார்க்கவேண்டும். ஆள் எழும்பி, படகும் தண்ணீருக்கு மேல் ஏறி ஓடத் தொடங்கிவிட்டால் (படகுக்காரர் இதைப் பிளேன் ஏறுவது என்பார்கள்) ஸ்கீக்காரரின் இழுவை பெரிதில்லை. சண்டை முழுக்க முதல் ஐந்து முதல் எட்டு விநாடிக்குள்தான். அந்த நேரத்தில் படகு தன் சொந்த அலையின் மேட்டில் ஏறப் போராடுகிறது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்க்கிறது. அதே நேரத்தில் பின்னால் மார்பளவு தண்ணீரில் ஒருவர் நங்கூரம் மாதிரித் தொங்குகிறார். ஏறக்குறைய மணிக்கு 10 முதல் 20 கிலோமீற்றர் வரையான அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். டியூப் பிள்ளைகளோடு போவதற்கும் மைத்துனர் எழும்பாததற்கும் காரணம் இதுவே. டியூப் ஏற்கெனவே தண்ணீருக்கு மேலேதான் கிடக்கிறது.

அடுத்தது பாரம். இந்த அளவு படகின் உடல் சுமார் 250 கிலோ, எஞ்சின் 100, 25 லீற்றர் தாங்கியும் பற்றறியும் 40, ஓட்டுநரும் ஸ்கீக்காரரைப் பார்த்துக்கொள்ளும் பார்வையாளரும் 150, கயிறு, நங்கூரம், பெட்டி எல்லாம் 40. கூட்டினால் 580. குதிரைவலு ஒன்றுக்குச் சுமார் 15 கிலோ. இந்த விகிதத்தில் தட்டையான தண்ணீரில் ஆள் இழுக்காமல் மணிக்கு 45 கிலோமீற்றரை ஒட்டி ஓடவேண்டும். இரட்டை ஸ்கீயில் பெரிய ஆளுக்குத் தேவை 35 முதல் 40 வரை. ஆகவே கணக்கு ஒத்துவருகிறது. இதோடு இன்னும் இரண்டு பேர் 'சும்மா பார்க்க' ஏறினால் ஒத்துவராது.

மீன்பிடிப் படகு என்றபடியால் ஒன்று கட்டாயம் பாருங்கள்: மீன் உயிரோடு வைக்கும் தொட்டி. 70 லீற்றர் தண்ணீர் அதில் நின்றால் அது 70 கிலோ. காலையில் தூண்டில் போட்டுவிட்டு மத்தியானம் ஸ்கீ இழுக்கப் போகும் வீடுகளில் இது வழமையான மறதி. அடித்தட்டின் கீழே தேங்கிய தண்ணீரையும் செருகியைக் கழற்றி வடித்துவிடுங்கள். பழைய படகென்றால் தட்டின் கீழுள்ள நுரைக்கட்டி தண்ணீர் குடித்து ஊறியிருக்கவும் கூடும். படகை இழுவண்டியோடு ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தால் அது பிடிபடும்.

பாரத்தின் அளவைப் போலவே அது இருக்கும் இடமும் முக்கியம். எஞ்சின், தாங்கி, பற்றறி, ஓட்டுநர் எல்லாம் பின்னால் குவிந்திருக்கும் படகின் அணியம் தூக்கினால் இறங்காது. நீண்ட எரிபொருள் குழாய் போட்டுத் தாங்கியை நடு இருக்கைக்கு முன்னால் தள்ளுங்கள். பார்வையாளர் முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து அமரட்டும். இந்த இரண்டையும் செய்தாலே பிளேன் ஏறும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறையும், சல்லிக்காசு செலவில்லை.

இனிப் புரொப்பெல்லர். இந்தக் கேள்வியின் பாதி விடை இங்கேதான் இருக்கிறது.

புரொப்பெல்லரின் மேல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: விட்டமும் பிட்ச்சும். பிட்ச் 13 என்றால் ஒரு சுற்றில், நழுவல் இல்லாவிட்டால், 13 அங்குலம் முன்னேறும் என்று பொருள். சைக்கிளின் கியர் போலத்தான்: பிட்ச் கூடினால் உச்ச வேகம் கூடும், மேட்டில் ஏறும் பலம் குறையும். எஞ்சின் 5,500 சுற்று, கியர் விகிதம் 2:1 என்று வைத்துக்கொண்டால் புரொப்பெல்லர் 2,750 சுற்றுச் சுற்றும். 13 பிட்ச் என்றால் மணிக்கு 54 கிலோமீற்றர், நழுவல் 15 வீதம் கழித்தால் 46. பிட்ச் 11 என்றால் அதே கணக்கில் 39. உங்கள் தேவை 35 முதல் 40. அதாவது 13 பிட்ச்சோடு ஓடும்போது உங்களுக்குத் தேவையே இல்லாத வேகத்துக்காக, மிகவும் தேவையான தொடக்க இழுவையை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

எதை வாங்குவது என்று ஊகிக்கவேண்டாம், அளந்து பாருங்கள். எஞ்சினின் கையேட்டில் முழு வேகத்தில் ஓடவேண்டிய சுற்று எல்லை போட்டிருக்கும். இந்த அளவு நாலு ஸ்ட்ரோக் பலவற்றில் அது 5,000 முதல் 6,000. கைப்பிடியால் திருப்பும் எஞ்சினில் சுற்றுமானி இல்லாவிட்டால், தீப்பொறிச் செருகிக் கம்பியில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிடும் சின்னச் சுற்றுமானி மலிவாகக் கிடைக்கும். உங்கள் எஞ்சினின் தீப்பொறி முறைக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய மறந்தால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். ஓட்டுநரும் பார்வையாளரும் மட்டும் இருக்க, முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 5,000 ஐத் தாண்டத் திணறினால் பிட்ச் கூடிப்போய்விட்டது. ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும்; இரண்டு அங்குலம் குறைத்தால் 400 வரை. ஆள் இழுக்கும் படகுக்கு, பாரமில்லாமல் ஓடும்போது எல்லையின் மேல் நுனியைத் தொடும் புரொப்பெல்லர்தான் சரி. அதற்கும் மேலே போனால் எஞ்சின் சுற்றுக் கூடாமல் தன் வலுவைத் தானாக வெட்டத் தொடங்கும், அல்லது யாராவது அதை வெட்ட வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். உயர்ந்த பிட்ச்சோடு, திராட்டில் (எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்கத் திறந்திருக்க, எஞ்சின் 4,300 இல் முக்கிக்கொண்டு ஆளை இழுப்பது எஞ்சினுக்கு நல்லதில்லை. சூடு ஏறும், கரி படியும். அதிகச் சுற்றில் சுகமாக ஓடுவதைவிட இந்த முக்கல்தான் அவுட்போர்ட்டைத் தின்னும்.

நாலு இதழ்ப் புரொப்பெல்லர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், தொடக்கப் பிடி கூடும், திருப்பங்களில் காற்றிழுப்பது குறையும். பழைய மூன்று இதழைத் தூக்கிப் போடாதீர்கள், மீன்பிடிக்கப் போகும் நாளுக்கு அது நல்லது. மாற்ற ஐந்து நிமிடம்தான்.

காற்றிழுப்பது என்றேன், அதை வேறொன்றோடு பலர் குழப்புவார்கள். திராட்டில் கொடுத்ததும் எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, எஞ்சின் உயரமாக நிற்பதால் அல்லது வெளியே சாய்ந்திருப்பதால் புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. இரண்டாவது, புரொப்பெல்லரின் நடுவே உள்ள றப்பர் உறை தளர்ந்து உள்ளேயே வழுக்குகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: புரொப்பெல்லரைக் கழற்றி, உள் பித்தளைக் குழாயிலிருந்து வெளி உடல்வரை நெயில் பாலிஷால் ஒரே நேர்கோடு இழுங்கள். மாட்டி, ஆளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள். கோடு முறிந்திருந்தால் றப்பர் போய்விட்டது, புரொப்பெல்லர் கடைக்குப் போகவேண்டும். கோடு நேராக இருந்தால் எஞ்சின் உயரத்தைப் பாருங்கள்: புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில், அல்லது ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் மேலே நிற்கவேண்டும். அதற்கும் மேலே என்றால் இறக்குங்கள். தொடங்கும்போது எஞ்சின் முழுக்க உள்ளே சாய்ந்திருக்கவேண்டும். பிளேன் ஏறியபின் வேண்டுமானால் கொஞ்சம் வெளியே விடலாம்.

இனிக் கயிறு கட்டும் இடம். பின்பக்கம் ஒரு மூலையில் கட்டியிருந்தால் படகு முழு நேரமும் ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுநர் அதை எதிர்த்துத் திருப்பியபடி சக்தியை வீணாக்குவார். இரண்டு மூலையிலிருந்தும் எஞ்சினைச் சுற்றிப் பின்னால் வந்து சேரும் கவட்டுக் கயிறு வாங்குங்கள். நடுவில் கப்பியும் மிதவையும் உள்ளது. கப்பி இருந்தால் ஆள் பக்கவாட்டில் போகும்போது இழுப்புப் புள்ளியும் நகரும். கொளுக்கி மாட்டும் இடம் பின்பலகையை ஊடறுத்த யூ வடிவ போல்ட்டாக, உள்ளே தடித்த தகடு வைத்து இறுக்கியதாக இருக்கவேண்டும். தூக்கிச் செல்ல வைத்திருக்கும் ரிவிட் அடித்த கைப்பிடிகளில் ஒருநாளும் கட்டாதீர்கள். அது பிய்ந்தால் ஆளை நோக்கிப் பறக்கும்.

கயிறு ஸ்கீக்கென்றே செய்த, மிதக்கும், நீளாத கயிறு, 75 அடி. நங்கூர நைலோன் கயிறு வேண்டாம்: றப்பர் மாதிரி நீண்டு, தொடக்க இழுப்பைத் தானே விழுங்கி, பிறகு உதறும். தாழ்ந்து புரொப்பெல்லரிலும் சுற்றும். டியூபுக்கு வேறு கயிறு, தடித்தது, 50 முதல் 65 அடி. ஓராள் டியூப் என்றால் 1,500 இறாத்தல் தாங்கவேண்டும், இரண்டாள் என்றால் 2,375. ஸ்கீக் கயிற்றில் இரண்டாள் டியூப் கட்டுவது பரவலாக நடக்கிறது. ஒருநாள் அறுந்து படகுக்குள்ளேயே அடிக்கும்.

இப்போது மைத்துனர். அவரைப் பற்றிச் சொல்ல 1922 க்குப் போகவேண்டும். அந்த வருடம் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துப் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் தண்ணீர் ஸ்கீயைத் தொடக்கிவைத்தார். பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தார், அமிழ்ந்தார். பனிச்சறுக்கு ஸ்கீயைக் கட்டிப் பார்த்தார், அமிழ்ந்தார். பிறகு 8 அடி பைன் பலகை இரண்டை வாங்கி, நுனியைக் கொதிநீரில் மெதுவாக்கி வளைத்தார். அப்போதும் எழும்பவில்லை. பின்னால் சாய்ந்து, ஸ்கீ நுனிகளைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தபோதுதான் எழும்பினார். எஞ்சினைப் பெரிதாக்கி அவர் வெல்லவில்லை. பலகையின் பரப்பும் உடலின் நிலையும்தான் வென்றன. உங்களுக்கும் அதே இரண்டுதான்.

பரப்பு: 85 கிலோ ஆளுக்கு 67 அங்குலத்துக்குக் குறைந்த ஸ்கீ கொடுக்காதீர்கள், முன்பக்கம் அகன்றதாகப் பாருங்கள். பிள்ளைகளின் ஸ்கீயை இவர் மாட்டியிருந்தால் பிழை எஞ்சினில் இல்லை. கராஜ் விற்பனைகளில் கிடைக்கும் பழைய நீண்ட மரஸ்கீ, குறைந்த வலுவுக்குப் புதியதைவிட நன்றாக வேலைசெய்யும். கால் செருகும் றப்பர் வெடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நிலை: முழங்கால் மார்போடு, குதிகால் பின்பக்கத்தோடு, கைகள் நீட்டியபடி முழங்கால்களுக்கு வெளியே, ஸ்கீ நுனிகள் ஒரு சாண் வெளியே, கால்கள் தோளகலம். கதிரையில் குந்தி இருப்பதுபோல. வலு கூடிய படகுக்குப் பின்னால் இரண்டு விநாடியில் ஆள் மேலே வந்துவிடுவார். 40 குதிரைவலுவுக்குப் பின்னால் அந்தக் குந்தலை ஆறேழு விநாடி காக்கவேண்டும், இதுதான் வித்தியாசம். மூன்றாவது விநாடியில் 'இன்னும் ஏன் தூக்கவில்லை' என்று ஆள் பொறுமையிழந்து காலை நீட்டுகிறார் அல்லது கைப்பிடியை நெஞ்சுக்கு இழுக்கிறார். காலை நீட்டிய கணமே இரண்டு ஸ்கீயும் தண்ணீரைத் தடுக்கும் கதவாகிவிடும், படகு அப்படியே நிற்கும். உங்கள் மைத்துனரின் கை நழுவுவது பெரும்பாலும் இதனால்தான். கரையில் இருத்தி, கைப்பிடியைக் கொடுத்து, நீங்கள் கயிற்றை இழுக்க, குந்தியபடியே தானாக எழும்பும்வரை நாலு தரம் பழக்குங்கள்.

ஓட்டுநர் செய்யவேண்டியது. கியரில் மெதுவாகப் போய்க் கயிறு இறுகும்வரை நேராக்குங்கள். இறுகியபின்னும் இரண்டு மூன்று விநாடி அப்படியே ஊர விடுங்கள், ஸ்கீகள் நேராகும். ஆள் கத்தியதும் திராட்டிலை ஒரு விநாடிக்குள் முழுக்கத் திறவுங்கள். வலுக்கூடிய படகில் இது ஆளின் தோளைக் கழற்றும், ஆனால் 40 இல் தயங்குவதுதான் பிழை. பாதி திறந்து பார்த்துப் பிறகு மீதியைக் கொடுத்தால் ஆளின் கைப்பலம் அதற்குள் முடிந்துவிடும். ஆள் எழும்பினாலும் உடனே குறைக்காதீர்கள். படகு பிளேன் ஏறி அணியம் தாழும்வரை முழுக்க வைத்திருந்து பிறகு 35 க்குக் கொண்டுவாருங்கள். கயிற்றைத் தளரவிட்டு, படகை ஓடவிட்டு, இறுகும்போது உதறி எழுப்பும் வித்தை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. செய்யாதீர்கள். விரலும் தோளும் போகும், பின்பலகை போல்ட்டும் போகும்.

இதிலும் எழும்பாவிட்டால் ஆழத்தில் தொடங்காமல், மணல் கரையில் இடுப்பளவு தண்ணீரில் ஸ்கீயின் பின்பக்கம் மணலில் தொட அரைக்குந்தலில் தொடங்குங்கள். உடல் தண்ணீருக்குள் இருப்பது குறைகிறது, இழுவையும் குறைகிறது. ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. ஆள் இழுத்துக்கொண்டு கரைக்குச் செங்குத்தாக வெளியே போவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே கரையோரமாகச் சரித்துத் தொடங்காமல் நேரே ஏரிக்குள் ஓட்டுங்கள்.

சட்டத்தின் மற்றப் பகுதியும் சின்னதுதான். ஓட்டுநரைத் தவிர ஆளையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் இருக்கவேண்டும். இழுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் படகில் இருக்கை இருக்கவேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலத்தின் பின் உதயம்வரை இழுக்கக்கூடாது. படகோட்டி அட்டை அவசியம். ஆள் விழுந்தால் ஓட்டுநர் பக்கமாக, கண்ணில் படும்படி நெருங்கி, ஏற்றும்போது நியூட்ரலில் விடாமல் எஞ்சினையே நிறுத்துங்கள். கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) ஓட்டுநரின் உடலில் மாட்டியிருக்கட்டும். கைப்பிடி எஞ்சின் என்றால் இரட்டிப்பு அவசியம், 85 கிலோ ஆள் பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் இந்த எடைப் படகின் பின்பக்கமே நகரும்.

டியூபைப் பற்றிக் கேட்காவிட்டாலும் ஒன்று. இரண்டு பெரியவர்களோடு டியூப் இந்தப் படகுக்குப் பாரம்தான். போவதென்றால் காற்றை நன்றாக அடியுங்கள். ஒருவர் முழங்காலால் ஊன்றினால் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் அமுங்கக்கூடாது. தொய்ந்த டியூப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வரும். ஆட்கள் பின்னால் நகர்ந்து கிடந்தால் டியூபின் மூக்குத் தண்ணீரில் குத்தாது. பிள்ளைகளோடு 20 கிலோமீற்றருக்கு மேல் தேவையில்லை. படகு 20 மீற்றர் ஆரையில் 25 இல் திரும்பும்போது 30 மீற்றர் ஆரையில் வெளியே சுழலும் டியூப் 37 இல் போகும். வேகமானியில் அது தெரியாது.

ஸ்கீயே வேண்டும் என்றில்லாவிட்டால் முழங்கால் பலகை இந்தப் படகுக்கு மிகப் பொருத்தம்: வயிற்றில் படுத்துத் தொடங்கி, படகு ஏறியபின் முழங்காலுக்கு வருவதால் தொடக்க இழுவை கொஞ்சம்தான், 25 முதல் 30 போதும். ஒற்றை ஸ்கீயில் ஆழத்திலிருந்து எழும்புவது 40 இல் கஷ்டம். இரண்டில் எழும்பி ஒன்றைக் கழற்றிவிடலாம். கயிறில்லாமல் படகின் அலையிலேயே நின்று ஓடும் வேக்சர்ஃபை அவுட்போர்ட்டுக்குப் பின்னால் நினைக்கவே வேண்டாம், ஆளுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே இரண்டு மூன்று மீற்றர்கூட இருக்காது.

ஃபொயில் பலகையையும் பாருங்கள், அடியில் தண்டின் நுனியில் பெரிய இறக்கையுள்ளது. 16 முதல் 20 கிலோமீற்றரில் ஆளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும்; 15 குதிரைவலுவே சமாளிக்கும். ஆனால் அந்த வேகத்தில் உங்கள் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டிலேயே நிற்கும், முன்னால் தெரியாது. பார்வையாளர் முன்னே நகர்ந்து இருக்கவேண்டும். தலைக்கவசம், தடித்த மார்புச்சட்டை இல்லாமல் ஏறக்கூடாது. பலகைக்கு அடியில் ஒரு மீற்றர் வரை கூர்மையான தண்டு தொங்குவதால், பாறை ஒளிந்திருக்கும் ஏரியில் ஓடப்போகும் கோட்டை முதலில் ஆழமானியோடு மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு மீற்றருக்குக் குறைந்த இடங்களில் மிதவை போட்டுவிடுங்கள்.